அஸ்தமனம் மாலை 4.38

அந்த அச்சகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளியிலிருந்து பேப்பர் கட்டுத் தூக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவள் ‘ப்ரூஃப் அக்கா’தான். தினசரி காலண்டரின் முந்நூற்று அறுபத்தைந்து தாள்களையும் அச்சுக்குப் போகும் முன் எழுத்தெழுத்தாகப் படித்துப் பிழை திருத்துவது அவள் வேலை. இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள். தேதி, கிழமை, எந்த மதத்தாருக்கு அன்றைக்கு என்ன விசேஷம், ஆபீஸ் உண்டா இல்லையா, கடைசியாகப் பொடி எழுத்தில் சூரிய உதயம் இத்தனை மணி, அஸ்தமனம் இத்தனை மணி.

“அந்தக் கடைசி வரிய ஒருத்தனும் படிக்கிறதில்லக்கா. நீங்கதான் கண்ணக் கெடுத்துக்கிறீங்க” என்பார் மெஷின்காரர்.

“படிக்கிறாங்களோ இல்லையோ, தப்பா இருந்தா மட்டும் எங்கிருந்தோ போன் வந்துடுது பாருங்க” என்பாள் அக்கா.

இந்த வருடம் அந்த வரியை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கிற ஆள் அவளே ஆகிப்போனாள்.

காரணம் அவள் புருஷன். முப்பத்தோரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் தெருவில் எல்லாருக்கும் இன்னும் ‘டிரைவர்’தான். மறதி இரண்டு வருடத்துக்கு முன்னால் விளையாட்டுப் போலத்தான் ஆரம்பித்தது. முதலில் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறந்தார். பிறகு கண்ணாடி போட்டிருப்பதையே மறந்து வீடு முழுக்கத் தேடினார். இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்புறம் ஒருநாள் கடைக்குப் போனவர் திரும்பும் வழி தெரியாமல் நாலு தெரு தள்ளி ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

பகலில் அவர் பாதகமில்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பத்து தடவை படிப்பார், அவ்வளவுதான். பொழுது சாய்ந்தால்தான் வினை. ஜன்னலில் வெளிச்சம் மங்கத் தொடங்கியதுமே உட்கார்ந்த இடத்தில் நெளிய ஆரம்பிப்பார். எழுந்து நிற்பார். சட்டைப் பையைத் தடவுவார். பிறகு தினமும் அதே கேள்வி.

“என் சட்டை எங்க? வண்டி எடுக்க வேணாமா?”

டாக்டரம்மா சொல்லியிருந்தார்: “வெளிச்சம் குறையக் குறைய இவங்களுக்கு ஒரு தவிப்பு வரும்மா. எதுத்துப் பேசாதீங்க. போக்குக் காட்டி நேரத்தக் கடத்துங்க. முழுசா இருட்டி, வீட்ல விளக்கெல்லாம் போட்டப்புறம் தானா அடங்கிடுவார்.”

போக்குக் காட்டுவது லேசான வேலையாக இல்லை. தினம் ஒரு பொய் வேண்டியிருந்தது. ரோட்டில் மரம் விழுந்துவிட்டது என்றாள். டயர் பஞ்சர் என்றாள். மந்திரி வருகிறார், போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள் என்றாள். ஒருநாள் பொய் கைவசம் தீர்ந்துபோய், “இன்னைக்கு ஸ்ட்ரைக்காம்ங்க” என்று சொல்லித் தொலைத்தாள். வந்தது வம்பு. “ஸ்ட்ரைக்கா? யாரு அறிவிச்சா? சங்கத்துல ஒரு வார்த்தை கேக்காம எவன் அறிவிச்சான்?” என்று ஒரு மணி நேரம் அவளையே நிர்வாகமாக நினைத்து நிற்க வைத்துப் பேசினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு எல்லாக் கோரிக்கையையும் ஏற்றுக்கொண்டாள்.

அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் எதிர்வீட்டுத் தையல்காரம்மா தன் மெஷினோடு வந்து இங்கே உட்கார்ந்து தைப்பாள். பகலில் அவருக்கும் அந்தச் சத்தம் பிடித்திருந்தது. ஆனால் சாயங்காலத் தவிப்பை அவளால் தாங்க முடியவில்லை. “என்னால ஆகாதுக்கா, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல” என்று கும்பிட்டுவிட்டாள். அதனால் சூரியன் விழுவதற்கு முன் அக்கா வீட்டில் இருந்தாக வேண்டும். அங்கேதான் அந்தக் கடைசி வரி வந்து நின்றது.

நாட்டின் வடகிழக்குக் கோடியில் இருந்த அந்த ஊரில் குளிர்காலத்தில் நாலரை மணிக்கே சூரியன் விழுந்துவிடும். கோடை முடிந்தபோது அஸ்தமனம் ஆறு மணிக்குப் பக்கத்தில் இருந்தது. அச்சகம் ஐந்தரைக்கு மூடும். ஓட்டமும் நடையுமாக வந்தால் சரியாக இருக்கும். பிறகு அது ஐந்தே முக்கால் ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. ஒவ்வொரு தாளிலும் ஒரு நிமிஷம், சில தாளில் இரண்டு நிமிஷம் யாரோ கையைவிட்டு எடுத்துக்கொள்வது போலிருந்தது. அவள் முதலாளியிடம் போய் மதியச் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு ஐந்துக்குக் கிளம்ப அனுமதி கேட்டாள். மூன்று வாரம் கழித்து நாலரைக்குக் கேட்டாள். அப்புறம் நாலு மணிக்கு.

முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “இப்படியே போனா நீங்க காலையில வந்து வணக்கம் சொல்லிட்டுக் கிளம்பிடுவீங்க போலிருக்கே.”

“இன்னும் கொஞ்ச நாள்தாங்க. அப்புறம் பகல் திரும்பிடும்” என்றாள்.

அவர் விஷயம் தெரிந்தவர். கையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

அடுத்த வருடக் காலண்டரின் கடைசிக் கட்டு அந்த வாரம்தான் அவள் மேசைக்கு வந்தது. குளிர்கால மாதங்களின் தாள்கள். எப்போதும்போலச் சிவப்பு எழுத்து அள்ளித் தெளித்த மாதிரி இருந்தது. ஒரு கூட்டத்தாருக்கு விளக்கு, இன்னொரு கூட்டத்தாருக்கு நெருப்பு, வேறொருவருக்கு விடியும் முன் பாட்டு, எல்லாருக்கும் விருந்து. எல்லாம் ஆறேழு வாரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

“வருஷம் பூரா இடம் கிடக்கு. ஏன் எல்லா விசேஷமும் இங்கயே வந்து விழுது?” என்று மெஷின்காரரிடம் கேட்டாள்.

அவர் மை துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். “பயம்தான்க்கா. வேறென்ன? பொழுது தெனம் சுருங்கிட்டே வருது. இது எங்க போய் நிக்குமோன்னு அந்தக் காலத்துல ஒருத்தன் நடுங்கிப்போய் ஒரு விளக்க ஏத்தி வச்சிருப்பான். பக்கத்து வீட்டுக்காரன் அதப் பாத்துட்டு, சரி, இன்னைக்கு இவன் வீட்ல விருந்து போலன்னு தட்டத் தூக்கிட்டு வந்திருப்பான். அவ்வளவுதான் பண்டிகை.”

அக்கா சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தது அது. ஆனால் அந்தப் பேச்சு மனசில் தங்கிவிட்டது. அவள் வீட்டுப் பண்டிகை, வருடத்தின் மிகச் சிறிய பகல் முடிந்து இரண்டாம் நாள் வந்தது. சுவரில் தொங்கிய இந்த வருடக் காலண்டரில் அன்றைய தாளைப் புரட்டிப் பார்த்தாள். அஸ்தமனம் மாலை 4.38. அதற்கு முந்தைய வாரங்களில் 4.33 வரை இறங்கிவிட்டு, மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. காலையில் விடிவது இன்னும் தாமதமாகிக்கொண்டே போனாலும் சாயங்காலம் மட்டும் முன்கூட்டியே திரும்பிவிடும் என்பது இத்தனை வருடம் படித்ததில் அவளுக்குத் தெரியும். பண்டிகையைத் தாண்டிவிட்டால் போதும், பொழுது நீளும், அவருடைய தவிப்பும் அதோடு குறையும் என்று தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. அக்காவும் அவரிடம் போய்க் கேட்கவில்லை.

மகனுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் ரயிலில் நாலு மணி நேரத் தொலைவில் வேறொரு ஊரில் இருந்தான். கட்டட வரைபடம் போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்வான். அது டிரைவருக்கு நல்ல நேரம். குளித்து, சாப்பிட்டு, வெயிலில் உட்கார்ந்து தெளிவாக இருப்பார். “என்னப்பா, சாப்டியா? மருமக சௌக்கியமா?” என்று கேட்பார். மூன்றாவது கேள்விக்குள் அக்கா போனைக் கையில் வாங்கிக்கொள்வாள். அவன் வந்த இரண்டு தடவையும் காலை வண்டிக்கு வரச்சொல்லி மூன்று மணி வண்டிக்கு ஏற்றி அனுப்பிவிட்டாள்.

“அப்பாவுக்குக் கொஞ்சம் மறதி. வயசாச்சுல்ல?” என்பதோடு சரி.

பண்டிகைக்கு வருகிறோம் என்று அவன் சொன்னபோது அவள் வழக்கம்போல, “மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுங்க. மூணு மணி வண்டியப் பிடிச்சா நேரத்தோட வீடு போய்ச் சேரலாம்” என்றாள்.

“ஏம்மா, எப்பப் பாத்தாலும் எங்கள வெரட்டுறதுலயே குறியா இருக்க? பண்டிகைன்னா ராத்திரி தங்க மாட்டாங்களா?”

“வெரட்டல்லாம் இல்லடா. குளிருல கஷ்டப்படுவீங்கன்னுதான்...”

“சின்ன வயசுலதான் அப்பா ஒரு பண்டிகைக்குக்கூட வீட்ல இருந்ததில்ல. எல்லார் வீட்லயும் விளக்கு வச்சுச் சாப்பிடுவாங்க, நாம வாசல்ல நிப்போம், அவரு கடைசி வண்டிய விட்டுட்டு வருவாரேன்னு. இப்பத்தான் வீட்ல இருக்காரு. இப்ப நீ இருக்க விடமாட்டேங்குற.”

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பண்டிகையன்று ஊரே வீட்டுக்குப் போகும். ஊரை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் எல்லாருக்கும் கடைசியாகத்தான் வீட்டுக்கு வருவான். பையன் காத்திருந்து காத்திருந்து, தட்டுக்கு முன்னாலேயே தூங்கிப்போவான். டிரைவர் வந்து அவனைத் தூக்கிப் படுக்கையில் போட்டுவிட்டு, ஆறின சோற்றைப் பேசாமல் சாப்பிடுவார்.

பண்டிகை அன்று விடிந்தும் விடியாத மாதிரி மூடுபனி. அக்கா நாலு மணிக்கே எழுந்து சமையலை முடித்துவிட்டாள். டிரைவருக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டாள். பதினொன்றுக்கு மகனிடமிருந்து போன் வந்தது. பனியால் வண்டியை வழியில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். பன்னிரண்டுக்கு, ஒன்றரைக்கு, இரண்டேகாலுக்கு. ஒவ்வொரு போனுக்கும் அவள் ஜன்னலைப் பார்த்தாள். “வேணும்னா இன்னொரு நாளைக்கு வாங்களேன். திரும்பற வண்டி இருந்தா...” என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். “அம்மா!” என்று ஒரே அதட்டு.

அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி மூன்று ஐம்பது. மருமகள் உள்ளே வந்ததும் வராததுமாக அக்காவைக் கட்டிக்கொண்டாள். டிரைவர் முகம் மலர எழுந்து நின்றார். “வாப்பா, வாம்மா. பனியா வழியில? கண்ணாடியத் துடைச்சுத் துடைச்சு ஓட்டணுமே” என்றார். மகன் அம்மாவைப் பார்த்த பார்வையில், ‘நல்லாத்தானே இருக்காரு?’ என்பது எழுதி ஒட்டியிருந்தது.

அக்கா பரபரவென்று எல்லா விளக்கையும் போட்டாள். திரைச்சீலைகளை இழுத்து மூடினாள். “பகல்லயே ஏம்மா இதெல்லாம்?” என்றான் மகன். “பண்டிகைடா” என்றாள். வாசல் கதவைப் பூட்டி, சாவியை எடுத்து மாவு டப்பாவில் போடுவது அவள் வழக்கம். அன்றைக்குப் பெட்டிகளை உள்ளே வாங்குகிற அவசரத்தில் சாவி பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். டிரைவர் இரண்டு கவளம் சாப்பிட்டார். திரைச்சீலை ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே தெரிந்தது. அவர் பார்வை அங்கேயே போய் நின்றது. கை தட்டிலிருந்து மெல்ல விலகியது.

எழுந்தார். சட்டைப் பையைத் தடவினார். மகனைப் பார்த்தார்.

“நீங்க எங்க இறங்கணும்?”

மகன் சிரித்தான். அவர் பழைய கிண்டல்காரர். “கடைசி ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட் குடுங்க” என்றான்.

“டிக்கெட் கண்டக்டர்ட்ட கேளுங்க. நான் டிரைவர்.” முகத்தில் சிரிப்பு இல்லை. “என் சட்டை எங்க? மணி ஆச்சு.”

“அப்பா, உக்காருங்க. சாப்பாடு ஆறுது.”

“யோவ், வழிய விடுய்யா.”

மகன் எழுந்து அவர் கையைப் பிடித்தான். “அப்பா, என்னப்பா இது? நீங்க ரிட்டயர் ஆகி ஒம்பது வருஷமாச்சு. வண்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் உங்க பையன்ப்பா.”

“சொல்லாதடா, அப்படிச் சொல்லாத” என்று அக்கா குறுக்கே வந்தாள். அதற்குள் டிரைவர் அவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளியிருந்தார். அவன் நாற்காலியில் இடித்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றான். குழம்புப் பாத்திரம் கவிழ்ந்தது. “நாப்பது பேரு உக்காந்திருக்காங்கய்யா வண்டியில! எல்லாரும் வீட்டுக்குப் போகணும்! உனக்கு என்ன தெரியும்?” என்று கத்தினார். கத்திவிட்டு, குழந்தை மாதிரி உதடு பிதுங்க அழுதார்.

அக்கா அவர் தோளை அணைத்து, “கண்டக்டர் சாப்டுட்டு இருக்காரு, அஞ்சு நிமிஷத்துல கிளம்பலாம்” என்று சொல்லிச் சொல்லி உட்கார வைத்தாள். மருமகள் தரையைத் துடைத்தாள். மகன் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவாமல் நின்றுகொண்டிருந்தான். அக்கா பின்னாலேயே போனாள்.

“எத்தன நாளா?”

“ஒரு வருஷமா.”

“ஒரு வருஷமா! ஏம்மா எங்கிட்ட சொல்லல? நான் யாரு, வேத்தாளா?”

அவள் குழாயை மூடினாள். “காலையில அவரு உங்கப்பாவா இருக்காரு. உன் பேரு தெரியுது, மருமகளத் தெரியுது. அந்த அப்பாவையே நீ வச்சுக்கோன்னு நெனச்சேன். சாயங்காலத்து ஆள நான் பாத்துக்கறேன்னு இருந்துட்டேன்.”

“தனியாவா?”

“பின்ன?”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் மருமகளின் குரல் கேட்டது. “அத்தை! மாமா எங்க?” துடைத்த துணியைக் குளியலறையில் அலசப் போய்விட்டுத் திரும்பியிருந்தாள். நாற்காலி காலி. வாசல் கதவு திறந்து கிடந்தது. சாவி பூட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் திரும்பி வந்தால் பார்த்துக்கொள்ள மருமகளை வீட்டில் விட்டுவிட்டு, தாயும் மகனும் தெருவில் இறங்கினார்கள். வெளிச்சம் போய்விட்டிருந்தது. பனிக்குள் தெரு முழுக்க ஜன்னல்கள் மஞ்சளாக எரிந்தன. ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே ஈ காக்கா கிடையாது. ‘இவரப் பாத்தீங்களா?’ என்று கேட்கக்கூட ஆளில்லாத நேரத்தில் ஆளைத் தொலைத்துவிட்டோமே என்று நினைத்தாள்.

“எந்தப் பக்கம்மா?”

“டிப்போ” என்றாள். “கால் தானா அங்கதான் போகும்.”

இருபது நிமிஷ நடை. செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு, கம்பளிகூட இல்லாமல் போயிருக்கிறார். மகன் முன்னால் ஓடுவான், நிற்பான், அம்மா வரும்வரை காத்திருப்பான், திரும்பவும் ஓடுவான். ரோட்டைக் கடக்கிற ஒவ்வோர் இடத்திலும் அக்கா தரையைப் பார்த்தாள். எதைப் பார்க்கப் பயந்தாளோ அது அங்கே இல்லை.

டிப்போ வாசலில் டைம்கீப்பர் நின்றுகொண்டிருந்தார். டிரைவரிடம் தொழில் பழகினவர். இவர்களைக் கண்டதும் எதிரே ஓடிவந்தார்.

“அண்ணி, பதறாதீங்க. அண்ணன் உள்ளதான் இருக்காரு. வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு. போன் பண்ணலாம்னா நம்பர் இல்ல. குளிருல நிக்க வேணாம்னு நான்தான் ஒரு வண்டியில ஏத்தி உக்கார வச்சேன். என் கோட்டப் போட்டுவிட்டிருக்கேன். சாவி எங்கிட்ட இருக்கு, பயப்படாதீங்க.”

பண்டிகை ஆனதால் வண்டிகளெல்லாம் சீக்கிரமே வந்து அடைந்திருந்தன. வரிசையாக இருட்டில் நின்றன. ஒன்றில் மட்டும் உள்விளக்கு எரிந்தது. டிரைவர் இருக்கையில் அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். முதுகு நிமிர்ந்திருந்தது. இரண்டு வருடமாக அவள் பார்க்காத நிமிர்வு. என்ஜின் ஓடவில்லை. அவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா படியில் கால் வைக்கப் போனாள். மகன் அவள் கையை மெல்ல விலக்கிவிட்டுத் தான் ஏறினான்.

அவர் கண்ணாடியில் பார்த்தார். “எங்க போகணும்?”

“கடைசி ஸ்டாப்புங்க” என்றான் மகன்.

“உக்காருங்க. கம்பியப் பிடிச்சுக்கங்க, திருப்பம் வருது.”

அவன் முதல் சீட்டில் உட்கார்ந்தான். அவர் ஸ்டீயரிங்கை வளைத்தார், நேராக்கினார், எங்கோ நின்றார், எதற்கோ காத்திருந்தார், திரும்பக் கிளம்பினார். அக்கா கீழே திறந்த கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டிரைவரே பேச்சுக் கொடுத்தார்.

“பண்டிகை நாளும் அதுவுமா நேரமாயிடுச்சா உங்களுக்கு?”

“ஆமாங்க. வண்டி லேட்டு.”

“கவலப்படாதீங்க, சேத்துடலாம். எனக்கும் வீட்ல ஒரு பய இருக்கான். சின்னப் பய. நான் வராம சாப்பிட மாட்டான். ஒவ்வொரு வருஷமும் போறதுக்குள்ள தூங்கிடுறான்.” ஒரு திருப்பத்தில் இரண்டு கையாலும் வளைத்தார். “இந்த வருஷமாச்சும் அவன் முழிச்சிருக்கும்போதே போயிடணும். அதான் வேகமாப் போறேன். பயப்படாதீங்க.”

மகன் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டான். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. சிறிது நேரம் கழித்துக் கம்பியைப் பிடித்தபடியே நிமிர்ந்தான்.

“முழிச்சுதாங்க இருப்பான்.”

“அப்படியா சொல்றீங்க?”

“காத்துட்டு இருப்பான். நீங்க நிதானமாப் போங்க.”

கடைசி நிறுத்தம் வந்துவிட்டது என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ, ஒரு நேரத்தில் பிரேக்கை அழுத்தினார். கையை எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டார். இறங்கும்போது தடுமாறினார். மகன் தாங்கிக்கொண்டான். யார் கை என்று அவர் கேட்கவில்லை. டைம்கீப்பர் தன் ஸ்கூட்டரை அவசரமாக எடுத்துக்கொண்டு போய் எங்கிருந்தோ ஒரு வாடகைக் காரைப் பிடித்து வந்தார். வீட்டில் மருமகள் சாப்பாட்டைத் திரும்பச் சூடாக்கி வைத்திருந்தாள். டிரைவர் பசியோடு சாப்பிட்டார். மகனும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

மூன்று நாள் இருந்துவிட்டுப் போனான். போகும்போது வாசலில் நின்று, “இனிமே நான் சாயங்காலம்தான் போன் பண்ணுவேன். என்ன ஆனாலும் சொல்லு” என்றான். சொன்னபடியே செய்தான். மாசம் இரண்டு தடவை வெள்ளிக்கிழமை மாலை வந்து இறங்கினான். வரும் நாட்களில் அவனே அவரோடு நடந்தான். தெருமுனை வரை போய், “வண்டி ரிப்பேருங்க, நாளைக்குத்தான் எடுக்கணுமாம்” என்று சொல்லித் திருப்பிக் கூட்டி வருவான். அம்மாவைவிடப் பொய் நன்றாக வந்தது அவனுக்கு.

பகல் திரும்பியது. அச்சகத்தில் இப்போது காலண்டர் வேலை முடிந்து அழைப்பிதழும் பில் புத்தகமும் ஓடின. அக்கா நாலரைக்குக் கிளம்பினாள், பிறகு ஐந்துக்கு. முதலாளி, “பரவாயில்ல, உங்க சூரியன் எனக்கும் கொஞ்சம் வேல பாக்குது” என்றார். அஸ்தமனம் ஐந்தைத் தாண்டி, ஐந்தரையை நெருங்கியது. அவள் போட்ட கணக்கு பலித்துக்கொண்டு வருவதாகவே தோன்றியது. டிரைவரின் தவிப்பு குறைந்தது. ஒரு மணி நேரம் நின்றவர் அரை மணி நேரம் நின்றார். சட்டையைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்தார்.

ஒருநாள் மாலை அவர் எழுந்திருக்கவே இல்லை.

வெளிச்சம் சிவந்து, மங்கி, போயிற்று. அவர் நாற்காலியில் இருந்தபடி இருந்தார். அக்கா கதவோரம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அன்றைக்கு அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். மறுநாளும் அவர் எழவில்லை. தையல்காரம்மாவிடம், “பாத்தியா, பொழுது நீண்டதும் அடங்கிட்டார்” என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் அவளுக்கு அந்த அமைதி பிடிக்காமல் போயிற்று. ஜன்னல் திரையை விலக்கி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது.

“என்னங்க, மணி ஆச்சு. வண்டி எடுக்க வேணாமா?”

அவர் திரும்பிப் பார்த்தார். மரியாதையான, ஒன்றும் தெரியாத பார்வை.

“எந்த வண்டிங்க?”

“உங்க வண்டிதான். எல்லாரும் உக்காந்திருப்பாங்களே. வீட்டுக்குப் போகணும்ல?”

“எனக்கு வண்டியெல்லாம் ஓட்டத் தெரியாதே” என்றார். சொல்லிவிட்டு, அவள் மனம் நோகக்கூடாது என்று நினைத்தவர் போல, “நீங்க எந்த வீட்லருந்து வந்திருக்கீங்கம்மா?” என்று கேட்டார்.

அக்கா எழுந்துபோய் அலமாரியிலிருந்து அவருடைய பழைய காக்கிச் சட்டையை எடுத்து வந்தாள். ஒரு வருடமாக அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்தது. அதை அவர் மடியில் வைத்தாள். அவர் துணியைத் தடவிப் பார்த்தார். பொத்தானைத் திருகினார். “நல்ல துணி” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் போன் அடித்தது. மகன்.

“என்னம்மா, இன்னைக்கு எப்படி? எழுந்தாரா?”

“இல்லடா.”

“நல்லதுதானே?”

சட்டை கையில் இருந்தது. அவன் இரண்டு தடவை “அம்மா?” என்றான்.

“வண்டியையும் மறந்துட்டாருடா” என்றாள். அதற்குமேல் முடியவில்லை. இத்தனை மாதமும் அழாதவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே அழுதாள். அந்தப் பக்கம் அவனும் போனை வைக்காமல் இருந்தான்.

டிரைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு அம்மா அழுகிறாள் என்ற வருத்தம் அவர் முகத்தில் இருந்தது. கொஞ்சம் தயங்கி, பக்கத்து நாற்காலியை அருகே இழுத்து, அதைக் கையால் தட்டினார்.

“உக்காருங்கம்மா. ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க?”

அவள் போய் உட்கார்ந்தாள். அன்றைக்குச் சூரியன் ஐந்து நாற்பதுக்கு விழுந்தது. விளக்குப் போட இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.